பேஸ் பத்தலை என்பது பொய்

"பேஸ் பத்தலை."

கேம்ப் ரோட்டிலோ வேளச்சேரி ரோட்டிலோ, காருக்கு ஸ்பீக்கர் பூட்டும் கடை எதன் வாசலிலாவது பத்து நிமிடம் நின்று பாருங்கள். இந்த இரண்டு சொல் காதில் விழாமல் போகாது. கடைக்காரர் சொல்லும் பதிலும் மாறாது. "எட்டு இஞ்சை எடுத்துட்டு பன்னிரண்டு போட்டுடலாம் சார்." ஏற்கெனவே பன்னிரண்டு வைத்திருப்பவருக்கு இரண்டு பன்னிரண்டு. இரண்டு வைத்திருப்பவருக்கு இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபையர். எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து, அதுவும் விலை உயர்ந்த மருந்து.

இந்த வியாதிக்கும் இந்த மருந்துக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. காரில் பேஸ் பெரும்பாலும் குறைவாக இல்லை, சமமில்லாமல் இருக்கிறது. இரண்டும் வேறு. குறைவாக இருந்தால் கூட்டலாம். மேடும் பள்ளமுமாக இருப்பதைக் கூட்டினால் மேடு மலையாகும், பள்ளம் பள்ளமாகவே கிடக்கும். காரை ஓட்டுகிறவர் உட்கார்ந்திருப்பது பள்ளத்தில். மேட்டின் சத்தம் வந்து இறங்குவது நம் வீட்டு ஜன்னலில்.

எழுபதைத் தாண்டியவனுக்கு சப்வூஃபரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். வால்வு ரேடியோவைத் திறந்து பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. கலர் மாறியிருக்கிறது, விலை மாறியிருக்கிறது; காற்று மாறவில்லை. சத்தம் காற்றில் போகும் விதம் பதினான்காம் லூயி காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது.

லூயி மன்னரை இழுப்பதற்குக் காரணம் உண்டு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஒலியியல் பாடத்தில் முதல் பெயரே ஜோசஃப் சொவேர் (1653–1716) என்பவருடையது. இந்த சாஸ்திரத்துக்கு 'அக்குஸ்தீக்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். காதும் பேச்சும் சரியில்லாமல் பிறந்தவர் என்பது இன்னும் ஆச்சரியம். அதிரும் கம்பியில் அசையாத இடத்துக்கு 'முடிச்சு' என்றும், அதிகம் அசையும் இடத்துக்கு 'வயிறு' என்றும் பெயர் வைத்தார். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் கணு, எதிர்க்கணு என்று போடுகிறார்கள். கணு நல்ல சொல், கரும்பைப் பார்த்தவனுக்குப் புரியும். ஆனால் எதிர்க்கணுவைவிட வயிறு என்பது எனக்கு இன்றும் பிடிக்கும். கயிற்றின் ஒரு முனையைக் கதவில் கட்டிவிட்டு மறுமுனையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். வயிறு எது, முடிச்சு எது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

இப்போது அந்தக் கயிற்றைக் காருக்குள் வையுங்கள்.

நம் ஊர் வெயிலில் சத்தம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. 70 ஹெர்ட்ஸ் பேஸ் சத்தத்தின் ஓர் அலை 5 மீட்டர் நீளம். சின்னக் காரின் உள்பக்கம், முன் கண்ணாடியிலிருந்து பின் கதவு வரை, ஏறக்குறைய இரண்டரை மீட்டர், அதாவது பாதி அலை. பாதி அலை சரியாகப் பொருந்தும் பெட்டியில் இரண்டு முனைகளிலும் அழுத்தம் வயிறாக நிற்கும். நடுவில் முடிச்சு விழும். காரின் நடுவில் இருப்பது யார் தலை? ஓட்டுகிறவர் தலை. பின்னால் சாய்ந்திருப்பவனுக்குக் காது அடைக்கிறது, முன்னால் இருப்பவர் "பத்தலை" என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கும் இடம் வேறு, அவ்வளவுதான்.

அதற்குக் கீழே போனால் கதை வேறு. 40 ஹெர்ட்ஸில் அலை கிட்டத்தட்ட 9 மீட்டர். காருக்குள் அது பொருந்தவே பொருந்தாது. அப்போது உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஒன்றாக அமுங்கி விரிகிறது, சைக்கிள் பம்பை அடைத்துக்கொண்டு அழுத்துவது போல. அதனால் மிகத் தாழ்ந்த சத்தம் காருக்குள் தானாகவே பெருகும். ஆக, ஒரே பாட்டில் 40 எழும்பி நிற்கிறது, 70 காணாமல் போகிறது. ஒரு சுரம் இடிக்கிறது, அடுத்த சுரம் வருவதே இல்லை.

இந்த நிலையில் குமிழைத் திருகினால் என்ன நடக்கும்? 70-ஐ மட்டும் தூக்கும் குமிழ் அல்ல அது. 40-ம் சேர்ந்து ஏறும். வயிறும் முடிச்சும் ஒரே விகிதத்தில் ஏறும். இரண்டு அலைகள் எதிரெதிராக மோதி ஒன்றையொன்று அழித்தால், இரண்டையும் இரு மடங்காக்கினாலும் மிச்சம் பூஜ்யம்தான். ஐந்திலிருந்து ஐந்து போனாலும் பூஜ்யம், ஐயாயிரத்திலிருந்து ஐயாயிரம் போனாலும் பூஜ்யம். இதற்கு பௌதிகம் வேண்டாம், கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்த கழித்தல் போதும்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபையரின் சக்தியை இரட்டிப்பாக்கினால் ஏறுவது 3 டெசிபெல் மட்டுமே. 10 டெசிபெல் ஏற்ற வேண்டுமானால் பத்து மடங்கு வேண்டும், 100 வாட் இருந்த இடத்தில் 1,000 வாட். பிறகு பேட்டரி போதாது, ஒயர் போதாது, ஒவ்வோர் அடிக்கும் ஹெட்லைட் கண் சிமிட்டும். ஒரு தப்பை மறைக்க நான்கு சாமான்.

என் தங்கை மகன் ஒரு நாள் செலையூருக்கு என்னைப் பார்க்க வந்தான். வந்ததும், "மாமா, ரெண்டாவது வூஃபர் போட்டேன். முன்னைவிட பேஸ் குறைஞ்சு போச்சு. இன்னும் பெரிய ஆம்ப் போடணும்னு கடையில சொல்றாங்க" என்றான். கடையின் பெயர் வேண்டாம், எல்லாக் கடையும் அதைத்தான் சொல்கிறது. இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறான். ஆம்ப்ளிஃபையரிலிருந்து வூஃபர் ஒயர்களைக் கழற்றச் சொல்லி, சுவர்க் கடிகாரத்தில் இருந்த ஒன்றரை வோல்ட் பேட்டரியை எடுத்து வந்தேன். பிளஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ், ஒரு கணம் தொட்டு எடுத்தால் கூம்பு வெளிப்பக்கம் நகர வேண்டும். முதல் வூஃபர் வெளியே வந்தது. இரண்டாவது உள்ளே போனது. ஒயர் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. இருபதாயிரம் ரூபாய் கொடுத்து ஏற்கெனவே இருந்த சத்தத்தை அழித்திருக்கிறார்கள். ஒயரைத் திருப்பிப் பூட்டியதும் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "இதுக்கு எவ்ளோ மாமா?" என்றான். "பேட்டரியைக் கடிகாரத்துல திரும்பப் போடுடா, போதும்" என்றேன்.

இந்தச் சோதனையைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகும். ஏன் செய்வதில்லை? செய்தால் விற்க முடியாது.

அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவன் என்பதால் எதற்கும் ஒரு பதிவேடு போடச் சொல்வேன். பேரன் காருக்கும் ஒன்று போடச் சொல்லுங்கள். 30 ஹெர்ட்ஸிலிருந்து 100 வரை, ஐந்து ஐந்தாக ஏற்றி, தனித்தனி ஒலியைப் போனிலிருந்து ஒலிக்கவிட வேண்டும். குமிழைத் தொடக் கூடாது. ஓட்டுகிறவர் காது இருக்கும் இடத்தில் இன்னொரு போனை வைத்து ஒலி அளவைப் பார்த்து, தாளில் இரண்டு பத்தியாக எழுத வேண்டும். போனின் மைக் துல்லியமானதல்ல. ஆனால் எது மேடு, எது பள்ளம் என்று காட்டிவிடும். ஒரே ஒரு விஷயம்: அளவுமானியில் 'ஏ' என்ற எழுத்து இருந்தால் 'சி' என்று மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன், அதில்தான் நம் வழக்கே இருக்கிறது.

பிறகு ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும்.

முதலில் சப்வூஃபர் ஒயரைத் திருப்பிப் பூட்டி மறுபடி அளப்பது. கதவில் இருக்கும் ஸ்பீக்கரும் டிக்கியில் இருக்கும் சப்வூஃபரும் கைமாற்றிக்கொள்ளும் இடம் வழக்கமாக 80 ஹெர்ட்ஸ் பக்கம். அங்கே இரண்டும் எதிரெதிராக நின்றால் பள்ளம் விழும். அடுத்து, பெட்டியின் முகத்தைத் திருப்புவது. சீட்டைப் பார்த்திருந்தால் பின்கதவைப் பார்க்க வைப்பது, ஓர் அடி நகர்த்துவது. மூன்றாவது, கிராஸ்ஓவர் குமிழைக் கொஞ்சம் மேலும் கீழும் நகர்த்துவது. நான்காவது, ஆம்ப்ளிஃபையரின் எர்த் ஒயர் பெயிண்ட் சுரண்டிய இரும்பில் இறுகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது. ஐந்தாவது, நம்பர் பிளேட், டிக்கி மூடி இவற்றில் ஆடுவது எது என்று கையால் அழுத்திப் பார்ப்பது. பேஸ் என்று பலர் நினைப்பதில் பாதி தகர நடுக்கம். கெயின் குமிழைக் கடைசியில்தான் தொட வேண்டும். அது சத்தம் கூட்டும் குமிழே இல்லை. வரும் சிக்னலுக்குப் பொருத்தம் பார்க்கும் குமிழ். அதைக் கடைசி வரை திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, வூஃபரின் சுருள் கருகும்.

இவ்வளவுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், செலவு ஒன்றுமில்லை. இதைச் செய்துவிட்டு "இன்னும் பத்தலை" என்று யாராவது சொன்னால் அப்போது பெரிய ஆம்ப் வாங்கட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

பேஸுக்கு நான் விரோதி இல்லை. தவில் தொப்பியில் குச்சி விழும்போது நெஞ்சில் தட்டாதவன் தமிழனா? இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும். அந்தக் கதையைக் கேட்கத்தான் பேஸ் சமமாக இருக்க வேண்டும் என்கிறேன். மேடு பள்ளமான பெட்டியில் எல்லாப் பாட்டும் ஒரே 'தும்' ஆகிவிடுகிறது. லட்ச ரூபாய் கொடுத்து ஒரே ஒரு சுரத்தை வாங்கியவனைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு ஒன்றுமில்லை.

"உங்க காலத்துல கல்யாண வீட்டுல குழாய் ஸ்பீக்கர் கட்டிக் கத்த விடலையா?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். கட்டினோம். மார்கழியிலும் ஆடியிலும் காது கிழிந்தது உண்மை. ஆனால் அந்தக் கூம்பு ஒலிபெருக்கியால் பேஸ் தர முடியாது. கீச்சென்று மேல் ஸ்தாயியில்தான் கத்தும். ஜன்னலைச் சாத்தினால் பாதி குறைந்தது. பேஸுக்கு ஜன்னல் ஒரு பொருட்டல்ல. சுவரைக் கடப்பதில் ஒரு விதி உண்டு: அதிர்வெண் பாதியாகக் குறைந்தால் சுவர் தடுப்பது சுமார் 6 டெசிபெல் குறையும். பேச்சுக் குரலை நிறுத்தும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 40 ஹெர்ட்ஸுக்குத் திரைச்சீலை மாதிரி. அதனால்தான் பாட்டின் வார்த்தை ஒன்றும் கேட்காமல் 'தும் தும்' மட்டும் நம் படுக்கைக்கு வருகிறது. பாட்டு அவர்களுக்கு, இடி நமக்கு.

இனி நம் வழக்குக்கு வருகிறேன்.

எங்கள் தெருமுனையில் காலி மனை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை இரவானால் இரண்டு மூன்று கார்கள் வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். எதிர் வீட்டில் எண்பதைத் தாண்டிய அம்மா ஒருவர், இருதய ஆபரேஷன் ஆனவர். "என் நெஞ்சு துடிக்குதா, கார் துடிக்குதான்னு தெரியலை தம்பி" என்று என்னிடம் சொன்னார். எழுபத்து சொச்சம் வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட இன்னும் ஒருவர் இருக்கிறார், அவரைத் தூங்க விட வேண்டாமா? புகார் எழுதினேன். சம்பந்தப்பட்ட அலுவலகத்திலிருந்து ஓர் இரவு அளவுமானியோடு வந்தார்கள். 51 என்று காட்டியது. சில வாரம் கழித்துப் பதில் வந்தது: 'ஒலி அளவு புகாருக்குரிய வரம்பைத் தாண்டவில்லை, மனு முடிவு செய்யப்படுகிறது.'

முடிவு செய்யப்படுகிறது என்று நானும் எத்தனையோ கோப்பில் எழுதியவன்தான். அதனால் அந்தப் பதிலை வரி வரியாகப் பிரித்துப் பார்க்கும் உரிமை எனக்கு இருக்கிறது.

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல்-ஏ. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டால், நம் சானடோரியம் போன்ற இடங்களில் இரவு 40. சரி, 51 என்பது 45-ஐ விட அதிகம்தானே? அதிகம்தான். ஆனால் ஏழாவது விதிப்படி, வரம்பை 10 டெசிபெல் தாண்டினால்தான் புகார் செய்யலாம். 55 வந்தால்தான் மனு. அதைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் அதே விதியில் ஓர் 'அல்லது' இருக்கிறது. 2010-ல் திருத்தம் செய்து சேர்த்தது. இரவு நேரக் கட்டுப்பாடுகளில் எதை மீறினாலும் புகார் செய்யலாம், 10 டெசிபெல் கணக்கு தேவையில்லை. ஐந்தாவது விதி என்ன சொல்கிறது? ஒலிபெருக்கியோ ஒலி பெருக்கும் சாதனமோ இரவில் பயன்படுத்தக் கூடாது. அரங்கம், மண்டபம் போன்ற மூடிய இடத்துக்குள் விலக்கு உண்டு. நான்கு கதவும் திறந்து காலி மனையில் நிற்கும் கார் எந்த மண்டபம்? 'அல்லது' என்ற ஒரு சொல்லைப் படிக்காமல் விட்டதற்காக எங்கள் காலத்தில் மெமோ வந்திருக்கிறது.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது. அந்த 'ஏ'. நம் காது மெல்லிய சத்தங்களில் பேஸைக் குறைவாக உணர்கிறது என்பதை 1933-ல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அளந்து காட்டினார்கள். அந்த வகை வளைகோட்டை ஒட்டி 'ஏ' என்ற வடிகட்டி வந்தது. அது 50 ஹெர்ட்ஸ் சத்தத்தில் 30 டெசிபெலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். 40 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 35-ஐக் கழிக்கும். அதாவது 50 ஹெர்ட்ஸில் 75 டெசிபெல் உங்கள் வாசலை அதிர வைத்தால், மானி 45 என்று காட்டும். இரவு வரம்பு எவ்வளவு? சரியாக 45. சட்டப்படி நீங்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள்! எங்கள் தெருவில் காட்டிய 51 முழுவதும் 50 ஹெர்ட்ஸாக இருந்திருந்தால் உண்மையில் அது 81. அதே மானியில் 'சி' என்று மாற்றினால் ஏறக்குறைய 80 என்று காட்டியிருக்கும். 'சி' வடிகட்டி 50 ஹெர்ட்ஸில் கழிப்பது ஒன்றரை டெசிபெல்கூட இல்லை. பொத்தான் ஒன்றுதான் வித்தியாசம்.

இது நான் கண்டுபிடித்த புதுமையல்ல. உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட சமூக இரைச்சல் வழிகாட்டியில், 'சி' அளவும் 'ஏ' அளவும் 10 டெசிபெலுக்கு மேல் வேறுபட்டால் தாழ்ந்த ஒலியைத் தனியாக ஆராய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பிரான்சில் 2017 ஆகஸ்ட் 7-ல் ஓர் ஆணை போட்டார்கள். இசை ஒலிக்கும் பொது இடங்களுக்கு 15 நிமிடச் சராசரியாக 102 டெசிபெல்-ஏ என்று ஒரு வரம்பு, 118 டெசிபெல்-சி என்று இன்னொரு வரம்பு. எண்கள் பெரியவை, அவை நடன அரங்குக்குள் இருப்பவர்களின் காதுக்கானவை. நான் காட்டுவது எண்ணை அல்ல, இரண்டு அளவுகோல் என்ற முறையை. பேஸை அளக்க 'ஏ' உதவாது என்று ஒரு சர்க்கார் தன் அரசிதழிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. நாம் கடுகு எடுக்கும் தராசில் யானையை நிறுத்திவிட்டு, எடை சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுக்கிறோம்.

நீதிமன்றம் நம் பக்கம்தான் இருக்கிறது. மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கத்துக் குடியிருப்போர் சங்கம் தொடர்பான வழக்கில் 2000 ஆகஸ்ட் 30-லும், 2005 ஜூலை 18-ல் நீதிபதி லகோத்தி அமர்விலும் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒருவர் சத்தம் எழுப்பும் உரிமை, இன்னொருவரைக் கேட்கக் கட்டாயப்படுத்தும் உரிமை ஆகாது. தீர்ப்புக்குப் பஞ்சமில்லை. தீர்ப்பை அமல்படுத்த வரும் கருவிக்குத்தான் காது இல்லை.

ஆகவே நான் கேட்பது இரண்டு. ஒன்று, புகார் வந்தால் அளவு எடுப்பவர்கள் 'ஏ', 'சி' இரண்டையும் எழுதட்டும். அதுவும் தெருவில் மட்டுமல்ல, புகார் செய்தவரின் படுக்கையறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு. இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், படிவத்தில் ஒரு பத்தி கூடுதலாகப் போட்டால் போதும். படிவத்தில் பத்தி போடுவது எங்கள் இனத்துக்குக் கைவந்த கலை. இரண்டு, கார்க் கடைக்காரர்கள் பெட்டியைப் பூட்டித் தரும்போது, ஓட்டுகிறவர் சீட்டில் அளந்த தாளையும் சேர்த்துத் தரட்டும். எண்ணெய் மாற்றினால் சீட்டு ஒட்டுகிறார்கள், சக்கரம் சீர் செய்தால் அச்சிட்ட தாள் தருகிறார்கள். லட்ச ரூபாய் சத்தத்துக்கு மட்டும் ஏன் தாள் இல்லை?

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. புகார் எழுதும்போது "அதிக சத்தம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். இரவு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, திறந்த வெளியில் ஒலி பெருக்கும் சாதனம், விதி 5, விதி 7-ன் பிற்பகுதி என்று எழுதுங்கள். பத்து டெசிபெல் கணக்கைச் சொல்லி மனுவைத் திருப்பினால், 'அல்லது' என்ற சொல்லின் கீழ் கோடு போட்டு மறுபடி அனுப்புங்கள். நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

வீட்டில் பேரன் "தாத்தா, பேஸ் பத்தலை, பணம் வேணும்" என்று வந்தால், பணம் கொடுக்கும் முன் ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள். 30-லிருந்து 100 வரை எழுதிக்கொண்டு வரட்டும்.